எத்தனை வருஷத்துக்கு?

ஜனவரி இரண்டு. கடைக் கதவைப் பாதி தூக்கும்போதே
நாலு பேர் நிற்கிறார்கள்
பிளாஸ்டிக் உறைக்குள் தங்கள் காலாவதியோடு.

ஊத்தான் மெலிந்தாங்கில்
லைசென்ஸ், ரோட் டெக்ஸ், இன்சூரன்ஸ்
எது செத்தாலும் இந்த மேசைக்குத்தான் வர வேண்டும்.
கடை தவுக்கே லியோங்குடையது, விரல்கள் என்னுடையவை.
நான் கேட்பது ஒரே கேள்வி:
எத்தனை வருஷத்துக்கு?

செம்பனை லோரி ஓட்டும் குணாளன்
சிகரெட்டை நேற்றோடு விட்டாயிற்று என்றார்.
"தைரியமா அஞ்சு போடுக்கா."
சட்டைப் பையில் நீலப் பெட்டி தெரிந்தது.
"இது மச்சானுது."

பழைய தண்டல் பரஞ்சோதிக்கு
வாரம் மூன்று நாள் தெலுக் இந்தானில் ரத்தம் சுத்தம் செய்கிறார்கள்.
நோட்டுகளை எண்ணி வைத்தார்,
ஒன்றைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.
"ஒரு வருஷம் போதும்மா."
கதவுவரை போனவர் திரும்பி வந்தார்.
"ரெண்டாப் போடு."
அந்த இன்னொரு வருஷத்தை
மிக மெதுவாகத் தட்டினேன்.

இந்த ஊரில் புத்தாண்டுக்குப் பஞ்சமில்லை.
ஜனவரி தவறினால் சீனப் பெருநாள்,
அதுவும் நழுவினால் சித்திரை,
நடுவில் தைப்பூசத்துக்கு ஒரு மொட்டை.
முடி அரை அங்குலம் வளர்வதற்குள்
அடியில் பழைய ஆள் முளைத்துவிடுகிறான்.

என்னுடையது முடிந்து ஏழு வருஷம்.
கார் ஜொகூருக்குப் போனது,
ஓட்டியவரும் அதிலேயே போனார்.
இனி எனக்கெதற்கு என்று விட்டதில்
மூன்று வருஷக் கெடு தாண்டிவிட்டது.
தாண்டினால் புதுப்பிக்க முடியாது.
எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்:
"முதல்லேர்ந்து வரணும்."
சொல்லும்போது எனக்குள் ஒரு சின்ன சுகம் இருந்தது,
இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

ஆக, முதலிலிருந்து.
ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி நேர வகுப்பு.
பதினேழு வயதுகளின் நடுவே நாற்பத்தாறு.
"ஆண்ட்டி, யாரோட வந்தீங்க?" என்றது ஒரு பிள்ளை.
நிறப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருந்த எண்ணைக் கண்டுபிடித்தேன்.
கணினியில் ஐம்பது கேள்வி, நாற்பத்தெட்டு சரி.
அன்று ஒரு கோழிக்கால் கூடுதலாய் வாங்கி
தனியே தின்றேன்.

'எல்' அட்டை ஒட்டிய குட்டிக் காரில்
தோட்டத்து ஓரமாய்ப் பழகும் பாதை.
அங்கே மறுநடவு நடக்கிறது.
இருபத்தைந்து வயது மரங்களைச் சாய்த்து
நறுக்கி, நின்ற இடத்திலேயே குவித்திருக்கிறார்கள்.
நடுவில் முழங்கால் உயரக் கன்றுகள்.
"அந்தக் குப்பையிலதான் வண்டு முட்டை போடும்,"
என்றார் பயிற்றுநர் சண்முகலிங்கம்,
"வளந்ததும் கன்னு குருத்தத்தான் திங்கும். ரோட்டப் பாரும்மா."
நான் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அவர் சொன்ன பிறகு கொஞ்ச நேரம் பார்க்கவில்லை.

மார்ச் கடைசியில் தேர்வு.
மேட்டில், மஞ்சள் கோட்டில் நிறுத்தி
கைபிரேக்கை இறக்கி, மறுபடி ஏற வேண்டும்.
கார் ஒரு முழம் பின்னால் உருண்டது.
கண்ணாடியில் வரிசையாய் நின்ற பிள்ளைகள்
சட்டென்று பெரிதானார்கள்.
அதிகாரி எதையோ எழுதினார், நிமிரவில்லை.
மறுதேர்வு ஏப்ரல் பதினாறு.
சித்திரை பிறந்து இரண்டாம் நாள்.

திங்கட்கிழமை குணாளன் வந்தார், மனைவியின் மோட்டாருக்கு இன்சூரன்ஸ்.
"என்னக்கா, பாஸா?"
"ஒரு முழம் பின்னால போயிருச்சு."
அவருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.
கை தானாகப் பைக்குள் போய்
நீலப் பெட்டியை எடுத்து
என் பக்கம் நீட்டிவிட்டது.
இருவரும் அதைப் பார்த்தோம்.
"மச்சானுது," என்றார்.